எபிசோட் 47: ஒரு லார்ஜ் ஃபார்மட் கேமராவை வித்த கதை

இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களையும் "ம்ம்"களையும் மட்டும் எடுத்திருக்கிறேன்.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, போற போக்குல, "என்னோட ஃபிலிம் கேமராவை விக்கப் போறேன்"னு ஒரு வரி சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதி ஒரே கேள்விதான்: "வித்தாச்சா ப்ரோ? எவ்வளவுக்குப் போச்சு?"

வித்தாச்சு. 68,000 ரூபாய்க்கு. ஆனா முதல்ல வந்த ஆஃபர் 85,000. அதை நானே ஃபோன் பண்ணிக் கெடுத்துக்கிட்டேன். அந்த 17,000 ஏன் போச்சுங்கறதுதான் இன்னைக்கு எபிசோட். கூடவே, இந்த மாதிரி ஒரு கேமராவை விக்கவோ வாங்கவோ போறீங்கன்னா எதை எப்படிச் சோதிச்சுப் பார்க்கணும்னும் சொல்றேன்.

முதல்ல, இது என்ன கேமரா?

பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. மூணு கால் ஸ்டாண்டு மேல ஒரு பெட்டி. ஃபோட்டோகிராஃபர் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு "அசையாதீங்க"ன்னு சொல்லுவார். அந்தக் குடும்பம்தான் இது. மியூசியம் சமாச்சாரம்னு நினைச்சுக்காதீங்க, இன்னைக்கும் இதுக்கு ஃபிலிம் தயாராகுது.

இதுல ரோல் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு ஷீட். ஷீட்டோட அளவு 4-க்கு 5 அங்குலம். சாதாரண 35 எம்.எம். ஃபிலிம்ல ஒரு ஃப்ரேம் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. 4×5 ஷீட்ல படம் விழற இடம் சுமார் 120-க்கு 95 மி.மீ., அதாவது 11,400. கிட்டத்தட்ட 13 மடங்கு. எவ்வளவு பெரிசா ப்ரிண்ட் போட்டாலும் செங்கல் செங்கலா, இலை இலையா தெரியும். ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படம் இதுக்கும் அண்ணனான 8×10 அங்குலக் கேமராவுல எடுத்தது.

அமைப்பைப் பார்த்தா, நம்ம பாஷையில இது முழுக்க மாட்யூலர். முன்னாடி லென்ஸ் போர்டுன்னு ஒரு சதுரத் தகடு. அதுல லென்ஸும், லென்ஸுக்கு நடுவுல ஷட்டரும். பின்னாடி கிரவுண்ட் கிளாஸ்னு சொரசொரப்பாக்கின ஒரு கண்ணாடி. ரெண்டுக்கும் நடுவுல பெல்லோஸ். ஹார்மோனியத்துல மடிப்பு மடிப்பா துருத்தி இருக்கும்ல, அதேதான். அதோட ஒரே வேலை, வெளிச்சம் லென்ஸ் வழியா மட்டும் உள்ள வரணும், வேற எங்கிருந்தும் வரக்கூடாது.

படம் எடுக்கறது எப்படின்னா, துணிக்குள்ள தலையை விட்டுக் கண்ணாடியில படத்தைப் பார்க்கணும். தலைகீழாத் தெரியும். ஃபோகஸ் பண்ணி, ஷட்டரை மூடி, ஃபிலிம் ஹோல்டரைச் செருகணும். ஃபிலிமை மூடியிருக்கற டார்க் ஸ்லைடுங்கற தகட்டை உருவணும். அப்புறம் க்ளிக். திரும்பத் தகட்டைச் செருகணும். ஒரு தடவை அழுத்தினா ஒரு பிரியாணிக் காசு போச்சு. அதனால யாரும் சும்மா அழுத்த மாட்டாங்க.

என்னோடது டோயோ 45ஏ. ஜப்பான் தயாரிப்பு, மடக்கற மாதிரியான மெட்டல் ஃபீல்டு கேமரா. லென்ஸ், நிக்கோர்-டபிள்யூ 150 மி.மீ., எஃப் 5.6. ஷட்டர், கோபல் 0. கோபால் இல்ல, கோபல். கூட 6 ஃபிலிம் ஹோல்டர், லூப், கேபிள் ரிலீஸ், கறுப்புத் துணி, ஒரு லைட் மீட்டர். எல்லாம் சேர்த்து 2019-ல 92,000 கொடுத்து வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் போனஸ்.

"எக்ஸலன்ட் கண்டிஷன்"

மூணு வருஷமா பீரோ மேலதான் கிடந்தது. இந்த வருஷம் வீடு மாத்தறோம். அட்வான்ஸுக்கு 80,000 குறையுது, மாசக் கடைசிக்குள்ள வேணும். சரி, இதை வித்துடலாம்னு முடிவு பண்ணேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜன்னல் ஓரம் வச்சு அழகா பத்து ஃபோட்டோ எடுத்தேன். லிஸ்டிங் போட்டேன். "எக்ஸலன்ட் கண்டிஷன், எந்தப் பிரச்சினையும் இல்லை, 85,000." எதையும் சோதிச்சுப் பார்க்கல. எனக்கு இதை வித்தவரும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார், நானும் அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிட்டேன்.

செவ்வாய்க்கிழமையே ஒருத்தர் ஃபோன் பண்ணார். பழைய கேமரா சேர்க்கறவர். பேரம்கூடப் பேசல. "நாளைக்குக் காலையில முழுப் பணமும் அனுப்பிடறேன், கூரியர் பண்ணிடுங்க"ன்னார். பேக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடலாம்னு அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்தேன்.

டார்ச் டெஸ்ட்

பெல்லோஸைச் சோதிக்க பைசா செலவில்லாத வழி இருக்கு. ராத்திரி ரூம்ல எல்லா லைட்டையும் அணைச்சுடுங்க. மோடம்ல மினுக்கற பச்சை லைட்டைக்கூட மூடுங்க. பெல்லோஸை முழு நீளத்துக்கு இழுங்க. பின்பக்கக் கண்ணாடியைக் கழட்டி, சின்ன எல்.இ.டி. டார்ச்சை உள்ள விட்டு, திறந்த வாயைத் துணியால மூடுங்க. கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கிட்டே வெளியிலிருந்து பாருங்க. முக்கியமா மடிப்போட மூலைகள். மடக்கி மடக்கி அங்கதான் முதல்ல தேயும்.

மூணு பக்கம் சுத்தமா இருந்தது. நாலாவது பக்கம் திருப்பினேன். பின்னாடி நின்னு பார்த்தா வலது மேல் மூலை, லென்ஸுக்குப் பக்கத்து மடிப்பு. ஊசி முனை அளவுக்கு ஒரு நட்சத்திரம்.

நான் முதல்ல யோசிச்சது 85,000 பத்தி இல்ல. பாட்டி ஃபோட்டோ பத்தி.

மூணு வருஷத்துக்கு முந்தின பக்

கும்பகோணத்துல எங்க பாட்டி வீடு. அதை விக்கறதுன்னு முடிவான பொங்கலுக்குக் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போனேன். திண்ணையில பாட்டி உட்கார்ந்திருக்க, நான் தெருவுல நின்னு எடுத்தேன். காலை ஒன்பது மணி வெயில். பாட்டி நிழல்ல, கேமரா வெயில்ல. டார்க் ஸ்லைடை உருவிட்டு, பாட்டி எதிர் வீட்டு மாமியோட பேச்சை முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். ரெண்டே ஷீட்.

டெவலப் பண்ணிப் பார்த்தா ரெண்டுலயும் வலது மேல் மூலையில வெள்ளைப் புகை. ஓட்டுச் சாய்ப்பு, தூண் பாதி, பாட்டியோட தலைக்கு மேல எல்லாம் கரைஞ்சு போயிருந்தது.

தப்பு என்னோடதுன்னு நினைச்சேன். கெமிக்கல் சூடு சரியில்லையோ, லோடு பண்றப்போ கை நடுங்கிடுச்சோ, பாத்ரூம் கதவு இடுக்குல வெளிச்சம் வந்துடுச்சோ. அடுத்த நாலு ஷீட் வீட்டுக்குள்ளயே எடுத்தேன், சுத்தமா வந்தது. அப்போ என்ன முடிவுக்கு வரணும்? நான் வந்த முடிவு, "முக்கியமான நேரத்துல சொதப்பறவன் நான்." வீடும் கைமாறிடுச்சு. கேமரா பீரோ மேல போச்சு.

இப்போ அந்த ஓட்டையைப் பார்த்துட்டு யோசிச்சா எல்லாம் பொருந்துது. வலது மேல் மூலையிலிருந்து வர்ற வெயில் உள்ள குறுக்க இறங்கி, ஃபிலிமோட இடது கீழ்ப்பக்கம் விழும். படம் தலைகீழா விழறதால, நிமிர்த்திப் பார்க்கறப்போ அது வலது மேல் மூலை. டார்க் ஸ்லைடு எவ்வளவு நேரம் திறந்திருக்கோ அவ்வளவு புகை. நான் மாமி பேசி முடிக்கற வரைக்கும் திறந்து வச்சிருந்தேன். வீட்டுக்குள்ள எடுத்தது ஏன் நல்லா வந்தது? அங்க கேமரா மேல வெயில் விழலை.

புகை ஹோல்டர்லேருந்தும் வரலாம், அதையும் தள்ளிடக்கூடாது. ஆனா ஹோல்டர் ஒழுகினா, டார்க் ஸ்லைடு செருகற வாய்ப்பக்க விளிம்புலேருந்து கோடு மாதிரி வரும். பெல்லோஸ் ஓட்டைன்னா ஓரம் தெரியாத திட்டா பரவும். ரெண்டு நெகட்டிவ்லயும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி திட்டு. ஹோல்டரோட ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல ஒழுக வாய்ப்பு ரொம்பக் கம்மி.

பக்ல மோசமானது எப்பவாவது மட்டும் வர்ற பக்னு ஆபீஸ்ல சொல்லுவோம். நாலு தடவை சரியா ஓடும், அஞ்சாவது தடவை விழும், விழுந்தவன் தன் கோடு மேல சந்தேகப்படுவான். எனக்கு அந்த ராத்திரி கொஞ்சம் நிம்மதியாவும் இருந்தது, நிறையக் கோபமாவும் இருந்தது. எனக்கு வித்தவர் மேலயும் கோபம். ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லையே. ஞாயித்துக்கிழமை நானும்தான் "எந்தப் பிரச்சினையும் இல்லை"ன்னு எழுதினேன்.

அந்த ஃபோன்

பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு நான் யோசிச்சது இதுதான்: அவர் பெல்லோஸ் பத்திக் கேக்கவே இல்லை. கேமரா சேர்க்கறவர், ஷோகேஸ்ல வைப்பார். அவருக்குத் தெரியப்போறதே இல்ல. எனக்கு மாசக் கடைசி.

காலையில ஏழு மணிக்கே கூப்பிட்டுட்டேன், பணம் வர்றதுக்கு முன்னாடி. பணம் வந்துட்டா சொல்லுவேனான்னு எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. "சார், பெல்லோஸ்ல ஒரு ஓட்டை இருக்கு. நேத்து ராத்திரிதான் பார்த்தேன்"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "வேற என்னெல்லாம் இருக்கோ, வேண்டாம் தம்பி"ன்னு வச்சுட்டார். எனக்கு வருத்தமா இருந்தாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வேற என்னெல்லாம் இருக்கு? எனக்கே தெரியாது. லிஸ்டிங்கை எடுத்துட்டு, ஒவ்வொண்ணா சோதிச்சேன்.

லென்ஸ்

லென்ஸைப் போர்டோட கழட்டி, ஷட்டரையும் அபெர்ச்சரையும் முழுசாத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடிச்சு சாய்வாப் பாருங்க. நாலு விஷயம் தேடணும்.

ஒண்ணு, ஃபங்கஸ். சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையா இருக்கும். சென்னை மாதிரி ஊர்ல லெதர் பையில பூட்டி வச்சா கண்டிப்பா வரும். சிலிக்கா ஜெல் போட்ட காத்துப்புகாத டப்பாதான் பாதுகாப்பு. ரெண்டு, மூட்டம். கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி. மூணு, ஒட்டியிருக்கற ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பசை விட்டுப்போறது. ஓரத்துல வானவில் நிறத்துல தெரியும். நாலு, உள் விளிம்புல கறுப்புப் பெயிண்ட் உரிஞ்சு வெள்ளைப் புள்ளியா தெரியறது. பழைய ஷ்னைடர் லென்ஸ்கள்ல இது ரொம்ப சகஜம். பார்க்க அசிங்கமா இருக்கும், படத்துல பெரும்பாலும் தெரியாது. ஆனா வாங்கறவருக்குச் சொல்லியே ஆகணும்.

என் லென்ஸ் உள்ள சுத்தம். முன் கண்ணாடியில துடைச்சதால வந்த ரெண்டு மெல்லிய கீறல்.

ஷட்டர்

நான் ரொம்ப ரசிச்சுச் செஞ்ச பகுதி இது. கோபல் 0-ல ஒரு செகண்டுலேருந்து 1/500 வரைக்கும் வேகம் இருக்கு. உள்ள பேட்டரி இல்ல, ஸ்ப்ரிங்கும் பற்சக்கரமும்தான். சும்மா கிடந்தா எண்ணெய் கெட்டியாகி, மெதுவான வேகங்கள் இன்னும் மெதுவாகிடும்.

மெதுவான வேகங்களுக்கு ஃபோன்ல சத்தத்தைப் பதிவு பண்ணினாப் போதும். திறக்கறப்போ ஒரு டிக், மூடறப்போ ஒரு டிக். ஆடாசிட்டில போட்டு ரெண்டு முள்ளுக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளந்தேன். ஒரு செகண்டுன்னு போட்டிருந்தது 1.28 செகண்ட் வந்தது. அரை செகண்ட், 0.61. கால் செகண்டுக்கு மேல சரியா இருந்தது. 1.28-னா மூணுல ஒரு ஸ்டாப் அளவுக்கு அதிக வெளிச்சம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் தாங்கிக்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

வேகமானதுக்கு ஃபோன் ஸ்லோ மோஷன். 240 ஃப்ரேம்ல எடுத்தா, 1/60 செகண்டுக்கு ஷட்டர் 4 ஃப்ரேம் திறந்து தெரியணும். தெரிஞ்சது. 1/125-க்கு மேல இந்த வழியை நம்ப முடியாது, ஏன்னா ரெண்டு ஃப்ரேமுக்குள்ள முடிஞ்சுடும். அதுக்கு ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வச்சு அளக்கணும். நான் அளக்கலை. "அளக்கலை"ன்னே லிஸ்டிங்ல எழுதினேன்.

ஃபிலிம் ஹோல்டர்

இங்க ஒரு எச்சரிக்கை. அடுத்தவங்களோட பழைய ஹோல்டர் கிடைச்சா வெளிச்சத்துல திறந்துடாதீங்க, உள்ள ஃபிலிம் இருக்கலாம். டார்க் ஸ்லைடோட கைப்பிடியில ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு இருக்கும். வழக்கப்படி, வெள்ளை வெளிய தெரிஞ்சா இன்னும் எடுக்காத ஃபிலிம், கறுப்பு தெரிஞ்சா எடுத்து முடிச்சது. கறுப்பு தெரியற ஹோல்டர்ல யாரோ ஒருத்தரோட படம் டெவலப்புக்குக் காத்துக்கிட்டு இருக்கலாம்.

வெளிச்சம் ஒழுகுதான்னு பார்க்க, ஃபிலிமை வீணாக்க வேண்டாம். ஃபோட்டோ பேப்பரை 4×5-க்கு வெட்டி, சிவப்பு விளக்குல லோடு பண்ணுங்க. ரெண்டு பக்கமும் சில நிமிஷம் வெயில்ல காட்டுங்க. டெவலப் பண்ணினா பேப்பர் வெள்ளையாவே இருக்கணும். என்னோட ஆறுல அஞ்சு வெள்ளை. ஒண்ணுல வாய்ப்பக்கம் கறுப்புக் கோடு, உள்ள இருக்கற வெல்வெட் தேஞ்சு போயிருக்கு. அதுல பெருக்கல் குறி போட்டுத் தனியா வச்சேன்.

ஒட்டு

ஓட்டையை என்ன பண்ணலாம்? நல்ல தீர்வு புது பெல்லோஸ். தற்காலிகத் தீர்வு, கறுப்பு ஃபேப்ரிக் பெயிண்ட்டோட கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, உள்பக்கமா மெல்லிசாத் தடவி, பெல்லோஸை இழுத்த நிலையிலேயே காய விடறது. தடிமனான டேப் ஒட்டினா மடிக்கறப்போ பக்கத்து மடிப்பும் கிழியும்.

தடவினேன். அது வேலை செய்யுதான்னு எப்படிச் சொல்றது? ஒரு ஷீட் எடுத்துப் பார்க்கணும். பெட்டியில பாக்கி நாலு ஷீட் இருந்தது. சனிக்கிழமை திருச்சிக்கு ரயில் ஏறினேன். பாட்டி இப்போ அங்க சித்தி வீட்டுல இருக்காங்க.

திண்ணை இல்ல, மூணாவது மாடி பால்கனி. கேமராவை வேணும்னே நல்ல வெயில்ல வச்சேன். ஓட்டை இருந்த பக்கம் சூரியனுக்கு நேரா. டார்க் ஸ்லைடை உருவிட்டு முழுசா ஒரு நிமிஷம் சும்மா நின்னேன். பாட்டி, "எடுத்துட்டியா, எடுத்துட்டியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு ஷீட் எடுத்தேன்.

ரெண்டும் சுத்தமா வந்தது. ஒண்ணுல பாட்டி வாயைத் திறந்து ஏதோ சொல்றாங்க, இன்னொண்ணுல கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் கொஞ்சம் கடுப்பாப் பார்க்கறாங்க. பின்னாடி கொடியில துண்டு காயுது. கும்பகோணத்துப் படம் திரும்பி வராது. ஆனா அது என் கை தப்பு இல்லைன்னு இப்போ ஆதாரத்தோட தெரியும்.

விலை

பழைய பொருளுக்கு விலை போடறப்போ, கேக்கற விலையைப் பார்க்காதீங்க, போன விலையைப் பாருங்க. ஈபேல 'சோல்டு ஐட்டம்ஸ்'னு வடிகட்டினா உண்மையா வித்த விலை தெரியும். நம்ம ஊர்ல வாங்கறவர் அதோட ஷிப்பிங், கஸ்டம்ஸ் சேர்த்துத்தான் ஒப்பிடுவார். அதனால உள்ளூர்ல இருக்கற பொருளுக்குக் கொஞ்சம் மதிப்பு கூடும். நிக்கான் 2006-லயே பெரிய ஃபார்மட் லென்ஸை நிறுத்தறதா அறிவிச்சாச்சு. புதுசு வராது, அதனால நல்ல நிலையில இருக்கற பழசுக்கு விலை சட்டுன்னு இறங்காது.

தனித்தனியா விக்கறதா, மொத்தமாவா? லென்ஸ் மட்டும் போட்டா சீக்கிரம் போகும். கோபல் 0-க்கு ஓட்டை போட்ட போர்டு இருந்தா எந்த 4×5 கேமராவுலயும் உட்கார்ந்துடும். ஆனா போர்டு அப்படி இல்ல. டோயோ ஃபீல்டு போர்டு 110 மி.மீ. சதுரம், லின்ஹாஃப் டெக்னிக்கா போர்டு 96-க்கு 99. ஒண்ணு இன்னொண்ணுல சேராது. தனித்தனியா வித்தா கூடக் கொஞ்சம் தேறும். ஆனா கடைசியில ஒட்டுப் போட்ட பாடியும் கறுப்புத் துணியும் நம்ம தலையில மிஞ்சும். புதுசா ஆரம்பிக்கறவருக்கோ எல்லாம் சேர்ந்தாத்தான் முதல் படமே எடுக்க முடியும். நான் மொத்தமாப் போட்டேன். பெல்லோஸ் மாத்தற செலவை உத்தேசமாக் கழிச்சு 70,000.

பரண்ல மரக் கேமரா வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆலப்புழைல கருணாகரன்ங்கறவர் செஞ்ச வாகீஸ்வரி மாதிரி, நம்ம பக்கமே தயாரான அழகான மரக் கேமராக்கள் இருக்கு. விக்கறதுக்கு முன்னாடி பின்பக்க அளவை அளந்து பாருங்க. ஹாஃப் பிளேட்னா சுமார் 4¾-க்கு 6½ அங்குலம், ஃபுல் பிளேட்னா 6½-க்கு 8½. இந்த அளவுக்கு ஃபிலிம் கடையில சுலபமாக் கிடைக்காது. "படம் எடுக்கலாம்"னு சொல்லி விக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடுங்க. ஹோல்டர் இருக்கா, எத்தனை இருக்குங்கறதையும் எழுதுங்க. ஹோல்டர் இல்லாத மரக் கேமரா அலங்காரப் பொருள்தான்.

ரெண்டாவது லிஸ்டிங்

சாஃப்ட்வேர் ரிலீஸ் பண்றப்போ 'தெரிந்த குறைகள்'னு ஒரு பட்டியல் கொடுப்போம்ல? அதையே முதல்ல எழுதினேன். பெல்லோஸ்ல வலது மேல் மூலையில ஒரு ஊசித்துளை, இந்தத் தேதியில ஒட்டினது, ஒரு வருஷத்துக்குள்ள மாத்தறது நல்லது. ஷட்டர்ல ஒரு செகண்டும் அரை செகண்டும் இவ்வளவு மெதுவு. 1/125-க்கு மேல அளக்கலை. லென்ஸ்ல ரெண்டு கீறல். ஆறு ஹோல்டர்ல ஒண்ணு ஒழுகும். டார்ச் டெஸ்ட் வீடியோ, ஆடாசிட்டி படம், பாட்டியோட ஸ்கேன், எல்லாத்தையும் சேர்த்துப் போட்டேன். பாட்டிகிட்ட கேட்டுட்டுதான்.

வந்த கேள்விகளே மாறிடுச்சு. முன்னாடி "கடைசி விலை என்ன?" மட்டும்தான் வந்தது. இப்போ "ஒட்டு எந்தப் பக்கமா போட்டீங்க?"ன்னு கேக்கறாங்க. தெரிஞ்சவங்க வந்தாங்க.

தெரியாதவங்களும் வந்தாங்க. "நான் ஆர்மியில இருக்கேன், பார்க்க வர முடியாது, க்யூ.ஆர். கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணினா உங்களுக்குப் பணம் வந்துடும்"னு ஒருத்தர். நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. யு.பி.ஐ.ல பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் போடவே வேண்டாம். பின் கேட்டா, உங்க காசு வெளிய போகப்போகுதுன்னு அர்த்தம்.

கூரியர்ல அனுப்பறதா இருந்தா, லென்ஸைக் கழட்டித் தனியாச் சுத்துங்க, ஷட்டரை ஏத்தி வைக்காம விடுங்க. கிரவுண்ட் கிளாஸ் மேல கெட்டியான அட்டை வச்சுக் கட்டுங்க, முதல்ல உடையறது அதுதான். பெட்டிக்குள்ள பெட்டி.

மதுரையிலிருந்து

எனக்குக் கூரியர் வேலை வரல. மதுரையில கல்யாண ஃபோட்டோகிராஃபர்கிட்ட அசிஸ்டென்ட்டா இருக்கற ஒரு பொண்ணு, அப்பாவைக் கூட்டிக்கிட்டு நேர்லயே வந்தாங்க. வந்ததும், "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் ரூமை இருட்டாக்கலாமா?"ன்னு கேட்டாங்க. கையில சொந்த டார்ச். ஒட்டுப் போட்ட இடத்தையும், மத்த மூணு மூலையையும் அவங்களே பார்த்தாங்க. ஷட்டரை ஒவ்வொரு வேகத்துலயும் அழுத்திக் காது கொடுத்துக் கேட்டாங்க.

அவங்க அப்பா, "இதுல ஃபோட்டோ எங்க தம்பி தெரியும்?"ன்னார். ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பி, துணிக்குள்ள தலையை விடச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பஸ் தலைகீழாப் போகுது"ன்னார். அப்புறம் வெளிய வரவே மாட்டேங்கறார்.

விலை பேசறப்போ 65,000-ல ஆரம்பிச்சாங்க, 68,000-ல முடிஞ்சது. அவங்க ஒரு வருஷமாச் சேர்த்த காசு. கிளம்பறப்போ அப்பா கேட்டார்: "ஓட்டைன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே, யாராவது வாங்குவாங்கன்னு எப்படித் தம்பி நினைச்சீங்க?" என்கிட்ட நல்ல பதில் எதுவும் இல்ல. பொண்ணுதான் சொன்னாங்க, "மத்த ரெண்டு பேரும் எதுவுமே எழுதலப்பா. அதான் இங்க வந்தோம்."

அட்வான்ஸுக்கு 12,000 குறைஞ்சது. தம்பிகிட்டக் கடன் வாங்கினேன், இந்த மாசம் பாதி கொடுத்தாச்சு. போன வாரம் அந்தப் பொண்ணுகிட்டேருந்து மெசேஜ். பெல்லோஸ் மாத்தறதுக்கு அளவு எடுக்கணும், மடிப்பு எத்தனைன்னு சரிபார்க்கணும்னு கேட்டிருந்தாங்க. கூட ஒரு நெகட்டிவ் ஃபோட்டோவும். நாலு மூலையும் சுத்தம்.

பெட்டியில மிச்சம் இருந்த ரெண்டு ஷீட்டையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டேன். பாட்டியோட நெகட்டிவ் நாலையும் நான் வச்சிருக்கேன், புகை வந்த ரெண்டையும் சேர்த்துத்தான்.

உங்க வீட்டுல ஏதாவது பழைய கேமரா இருந்தா, விக்கறீங்களோ இல்லையோ, இன்னைக்கு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க. என்ன தெரிஞ்சதுன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.